ரேமுக்குப் பூப் போட்டுப் பார்த்தது

பட்டாபிராமில் எங்கள் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அம்பத்தூரில் அப்பா வேலை பார்த்த கம்பெனி கழித்துக்கட்டிய பழைய பெட்டிதான். ஆனாலும் அதனால் எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே குறை, கார் ரேஸ். புது கேமின் சிடியைப் போட்டால், கார் கிளம்புவதற்குள் திரை அப்படியே உறைந்துவிடும்.

"ரேம் பத்தல. ரேமுன்றது வேலை செய்ற டேபிள் மாரி. டேபிள் சின்னதா கீது, எல்லாத்தயும் எங்க விரிக்கிறது?" என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. மண்ணூர்பேட்டையில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அதிலிருந்து தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து, மெஷின் பாகங்களை வரையும் சாப்ட்வேர் ஒன்றைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். அது கைவந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டிசைன் வேலை கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் வரைந்த பல்சக்கரத்தை லேசாகத் திருப்பினாலே என் காருக்கு நேர்ந்த கதிதான் அதற்கும். ஆக, ரேம் எங்கள் இருவருக்குமே உயிர்ப் பிரச்சினை. நான் நச்சரித்தேன். தன் தம்பிக்காகக் கேட்க அம்மாவுக்கு மட்டும் வாய் வரவில்லை.

அப்பா மசியவில்லை. "மொதல்ல மச்சானுக்கு வேலை கெடைக்கட்டும். அப்பால பொட்டிக்கு ரேமு போடலாம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்தார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்பா சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டதாக எங்கள் குடும்பச் சரித்திரத்தில் கிடையாது. என் கார் இனி ஓடாது என்று நான் அழுது தீர்த்தேன்.

ஒரு வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல், "பூப் போட்டுப் பாத்துடலாம். மச்சானயும் வரச் சொல்லு" என்றார்.

போர்வெல் போடவும் அத்தையின் கல்யாணத்துக்கும் பூப் போட்டுப் பார்த்த வீடுதான். கம்ப்யூட்டருக்குப் போட்டது அதுவே முதல்முறை. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம்; சாமி படத்தின் முன் வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வழக்கமாக அம்மா மடிப்பாள். மறுநாள் காலையில் அப்பா தானே குளித்துவிட்டு வந்து மடித்து வைத்தார். மாமா கதவோரமாகவே நின்றார்.

கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை நந்தியாவட்டை! நான் குதித்த குதியில் விளக்கு அணையாமல் இருந்ததே பெரிது. "சாமியே சொல்லிடுச்சு, இன்னா பண்றது" என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா வாசலுக்குப் போனார். அம்மா கேசரி கிளற ஓடினாள்.

சிவப்புப்பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன்.

"ப்பா, இதுலயும் வெள்ளதான்பா கீது!"

அப்பா பூவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கத்தாதடி. உங்க மாமன் காதுல உழுந்துடப் போவுது. ரேமு வோணுமா, வோணாவா?"

"வோணும்பா!"

"அப்ப வாய மூடிகினு இரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் கார் ரேஸ் பைத்தியம்! வெளியே சொல்லத்தான் வெட்கம். அன்றைக்கு அப்பாவைப்போல எனக்குப் பிடித்த ஆள் உலகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா ரேமைப் பொருத்தினார். பல்சக்கரம் திரையில் தங்குதடையின்றிச் சுழன்றது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்க, நான் நாற்காலியைப் பிடித்து உலுக்கினேன். ஒருவழியாக ரேஸ் வந்தது. கார் சீறிக்கொண்டு கிளம்பியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும், வேறு யாருக்கும் செய்யாத தியாகமாக, எழுந்து அப்பாவுக்கு நாற்காலியைக் கொடுத்தேன்.

"எனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்?" என்றார். நான் கண்ணடித்தேன்.

உட்கார்ந்த வேகத்தில் காரை நேராகக் கடலில் இறக்கினார். "மாமா, பிரேக்கு! பிரேக்கு!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மாமா. அப்பா மறுபடியும் கடலில் இறக்கினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ அழுகையே வந்துவிட்டது. இத்தனை ஆசைப்பட்டு ரேம் வாங்கிய மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியவில்லையே!