கொல்லிமலை ஏறும் முன் காருக்கடியில் சொட்டிய சிவப்பு

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சொந்தக் காரை ஓட்டிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழைய கார்தான், கைமாறி எங்களிடம் வந்து ஒரு மாதம். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, மல்லசமுத்திரத்தில் மாமியார் வீட்டிலிருந்து நானும் மனைவி கவிதாவும் கிளம்பினோம்.

மாமியார் சும்மா விடுவாரா? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், அப்புறம் ஆரத்தி. சுற்றி முடித்த சிவப்புத் தண்ணீரை முன் சக்கரத்தின் மேலும் தெறிக்கும்படி கொட்டினார். அப்போது காலை ஆறரை. எனக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

இராசிபுரத்தில் டீ குடித்தோம் (சுமார் 22 கி.மீ., டீ பதினைந்து ரூபாய்). கிளம்பும்போது காருக்கடியில் நாலைந்து சிவப்புச் சொட்டுகள். "ஆரத்தி இன்னும் வடியுது பாரு" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். பேளுக்குறிச்சி தாண்டியதும் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் முனகியது. மலை கண்ணில் பட்ட குஷியில் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காளப்பநாயக்கன்பட்டியில் தண்ணீர் பாட்டில் வாங்க நிறுத்தினோம். மறுபடியும் சொட்டு. கவிதா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆரத்தி இந்நேரம் காஞ்சிருக்கோணுமுங்க. இது வழவழன்னு இருக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் காரில் பவர் ஸ்டியரிங் ஆயிலும் சிவப்புதான்! பானெட்டைத் திறந்தால், ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. நடு வளைவில் ஸ்டியரிங் இறுகியிருந்தால்?

நல்லவேளை, பக்கத்திலேயே லாரி பட்டறை. மெக்கானிக் பைப்புகளைத் துணியால் துடைத்துவிட்டு, "என்ஜினப் போட்டு ரெண்டு பக்கமும் திருப்புங்க" என்றார். துடைத்த இடத்தில் கசிவு பளிச்சென்று தெரிந்தது. ஆயில் திரும்பி வரும் ரப்பர் பைப்பின் கிளிப் தளர்ந்திருந்தது. கிளிப் மாற்றி, ஆயில் ஊற்றி, காருக்கடியில் அட்டை விரித்து மறுபடியும் திருப்பிப் பார்த்தோம். அட்டையில் ஒரு பொட்டுகூட இல்லை. அறுநூறு ரூபாய், முக்கால் மணி நேரம்.

அப்புறம் ஏறினோம் பாருங்கள்! ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. கவிதா ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். எழுபதாவதில் இரண்டு பேரும் கத்தியேவிட்டோம்.

மலைக்குக் கிளம்புகிறவர்கள் முதல் நாளே காருக்கடியில் அட்டை போட்டு வையுங்கள், காலையில் அதுவே சொல்லிவிடும். ஸ்டியரிங் முனகினால், தயவுசெய்து அடிவாரத்திலேயே நிறுத்துங்கள்.

சாயங்காலம் வீடு திரும்பினால், மாமியார் மறுபடியும் ஆரத்தித் தட்டோடு வாசலில்! கவிதா முந்திக்கொண்டாள்.

"அம்மா, வண்டிக்கு முன்னால ஊத்தாத. அந்தப் பக்கமாக் கொண்டுபோய் ஊத்து."

"ஏஞ் சாமி?"

"காலைல வண்டிக்கடில செவப்பு கெடந்தா, அது உன்னுதில்லைன்னு எனக்குத் தெரியோணும்."