மன்னார்புரத்து மொட்டை மாடிப் பிள்ளையார்

போன புதன்கிழமை ஏழு மாடி ஏறினேன். லிஃப்ட் பழுதா? இல்லை. பளபளவென்று புது லிஃப்ட், உள்ளே ஃபேன்கூட ஓடியது. ஆனாலும் வெளிப் படிக்கட்டு வழியாகத்தான் வர வேண்டும் என்று வைதேகி சொல்லிவிட்டாள். என் மனைவியின் தங்கை. அவள் முடிவெடுத்துவிட்டால் என் மூட்டு வலியெல்லாம் எடுபடாது.

மன்னார்புரத்தில் கட்டி முடிப்பதற்குள் பங்காளிச் சண்டை வந்து, ஐந்து மாடியோடு கிடப்பில் போட்ட ஆபீஸ் டவர் அது. ஜன்னல் இல்லாத ஓட்டைகள், உள்ளே புறாக்கள், மொட்டை மாடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று. 'பேய் பில்டிங்' என்று சொன்னால் போதும், கண்டக்டர் விசில் அடித்துவிடுவார்.

அதைப் போய் வைதேகி வாங்கினாள்.

ஸ்ரீரங்கத்துக்காரி. ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் செய்து தரும் கம்பெனி நடத்துகிறாள். வேலை செய்பவர்கள் முக்கால்வாசி பெண்கள் — ஜீயபுரத்திலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும், பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வருகிறவர்கள். ஆபீஸ் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கறாராகச் சொல்லிவிட்டார்: எல்லாரும் ஒரே கட்டடத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் சென்னைக்கு மாறுங்கள். சென்னைக்கு மாறினால்...? பாதிப் பேர் வேலையை விட வேண்டியதுதான்.

ஐந்து மாடி பத்தாது. மேலே இரண்டு மாடி எழுப்பினால்தான் எல்லாரும் உட்கார முடியும்.

"எதுக்கும்மா இந்த வம்பு? பேசாம சென்னைக்கே போயிடேன்" என்றேன்.

"அத்திம்பேர், நீங்க காபியைக் குடிங்கோ" என்றாள்.

தூண்களின் பலத்தைச் சோதித்தார்கள். சுற்றிலும் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுத் தடிப்பாக்கினார்கள். புறாக்கள் இடம் மாறின. வேலை மளமளவென்று போய் மொட்டை மாடியில் நின்றுவிட்டது.

அங்கே ஒரு பிள்ளையார்!

எந்தக் காலத்திலோ ஒரு வாட்ச்மேன், அரசங்கன்று முளைத்திருக்கிறதே என்று அதன் அடியில் வைத்துவிட்டுப் போன கல் பிள்ளையார். மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி தலைக்கு மேல தளம் போட்டு, அதுல ஆளுங்க நடமாடுறதா? நம்மளால ஆகாதுங்க."

கோயிலில் திருப்பணி நடந்தால் என்ன செய்கிறோம்? சாமியைப் பாலாலயத்தில் வைத்திருந்து, வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுபோகிறோம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? குருக்கள் வந்தார். பிள்ளையார் கீழே இறங்கி, கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் குடியேறினார். அரசங்கன்று ஒரு பெரிய தொட்டிக்குப் போனது.

தப்பு அங்கேதான் நடந்தது. ரோட்டோரமாகப் பிள்ளையாரை வைத்துவிட்டு, இது தற்காலிகம் என்று சொன்னால் நம் ஊர் கேட்குமா?

எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் முதலில் சூடம் ஏற்றினார்கள். அப்புறம் மணி வந்தது. சங்கடஹர சதுர்த்திக்குக் கொழுக்கட்டை. பரீட்சை நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று தோப்புக்கரணம் போட்டார்கள். புது மாடிகள் எழும்பி முடிந்தபோது பிள்ளையார் ஏரியாவுக்கே சொந்தமாகிவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்ததோ தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டிய வழி. வழி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் ஒரு நாற்காலிகூட உள்ளே போக முடியாது. வாடிக்கையாளர் வைத்த கெடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

வைதேகி நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன் — சண்டை வந்தால் விலக்கிவிட அல்ல, வேடிக்கை பார்க்க.

ஸ்டாண்டுத் தலைவர் முருகேசன் மரியாதையாகத்தான் பேசினார். "கீழ வந்த சாமிய திரும்ப மேல ஏத்துறது நல்லா இல்லீங்கம்மா."

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றாள் வைதேகி.

"இதே ஊருதாங்க. மலைக்கோட்டைப் பக்கம்."

"அங்க பிள்ளையார் எங்க இருக்கார்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முருகேசன் சிரிக்கவில்லை. "உச்சியிலதாங்க இருக்காரு. ஆனா அங்க யாரு வேணும்னாலும் ஏறலாம். உங்க ஆபீசு மாடிக்கு எங்கள விடுவீங்களா? கழுத்துல அட்டை தொங்குறவங்களத்தானே விடுவீங்க?"

அவர் கேட்டது நியாயம்தானே? ஆனால் நோயாளிகளின் விவரம் இருக்கிற ஆபீஸ். வெளியாட்களை எப்படி உள்ளே விடுவது?

"நாளைக்கு வரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் பிளானோடு போய் நின்றாள். தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கு, பின்பக்கம் ஒரு வெளிப் படிக்கட்டு எப்படியும் கட்டியாக வேண்டும். எந்த மாடிக்குள்ளும் நுழையாமல் தரையிலிருந்து நேராக மொட்டை மாடிக்குப் போகிற படி. ஆபீஸ் கதவுகள் உள்ளிருந்துதான் திறக்கும்.

"இதுல யார் வேணும்னாலும் ஏறலாம். அட்டை வேண்டாம். பூட்டும் போட மாட்டேன்" என்றாள்.

முருகேசன் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைப்பிடி வைப்பீங்களா? வயசானவங்க வருவாங்க."

"வச்சுடலாம்."

பிள்ளையாரை மேலே தூக்கிப் போனது அந்த ஸ்டாண்டுக்காரர்கள்தான், தோள் மாற்றித் தோள் மாற்றி. சான்றிதழ் வந்தது. ஜீயபுரத்துப் பெண்களும் திருவானைக்காவல் பெண்களும் இப்போது ஒரே மேஜையில் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். யாரும் வேலையை விடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சென்னைக்குப் போகச் சொன்ன ஆள்தான் நான்!

நம் ஊரில் ஆபீஸ்களின் அவசரப் படிக்கட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? உடைந்த நாற்காலி, காலி பெயின்ட் டப்பா, துடைப்பம்... கடைசியில் ஒரு பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் எல்லாரும் எல்லாரையும் பார்ப்பார்கள். இங்கே படிகளைக் கழுவிக் கோலம் போட்டிருந்தது. ஒரு அட்டைப்பெட்டியை யாராவது வழியில் வைத்துப் பார்க்கட்டுமே, முருகேசன் சும்மா விடுவாரா?

மேலே போய்ச் சேர்ந்தபோது மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வடக்கே மலைக்கோட்டை, அதற்கும் பின்னால் மங்கலாக ராஜகோபுரம். தொட்டியில் அரசு துளிர்விட்டிருந்தது. வைதேகி பிள்ளையார் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, பெருமாளே கதின்னு இருக்கற உங்காத்துல பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சு நான் பார்த்ததில்லையே?" என்றேன்.

"எங்காத்துல அவர் தும்பிக்கை ஆழ்வார், அத்திம்பேர். இங்க வேற உத்தியோகம் பார்க்கறார்."

"என்ன உத்தியோகம்?"

"ஃபயர் ஆபீசர்."