நிறம் பார்த்து வாங்கிய மீன்கள்

நாலு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் நான் சேல்ஸ்மேன். ஆடியில் யார் கல்யாணப் புடவை எடுக்க வரப்போகிறார்கள்? கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்படி ஓய்ந்து கிடந்த ஒரு சாயங்காலம் முதலாளியிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் வண்ண மீன் கடைக்குப் போனேன்.

காரணம் என் மனைவி. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன்பு இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது ஆறு மாதம் தாண்டிய பிறகு போனது. இந்த முறை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். பிரசவம் வரைக்கும் படுக்கைதான், பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம், இடது பக்கமாகத் திரும்பிப் படுக்க வேண்டும்.

இடது பக்கம் திரும்பினால் எங்கள் வீட்டில் என்ன தெரியும்? சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும், கரண்ட் மீட்டரும்தான். நான் காலையில் கிளம்பும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னா அப்படிப் பாக்குற?" என்று கேட்டால், "எவ்ளோ ஓடியிருக்குதுன்னு பாக்கறேங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது. குழந்தைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட நாங்கள் வாங்கவில்லை. பெயர் யோசிக்கவில்லை. வளைகாப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவ்வளவு பயம். அந்தச் சுவருக்குப் பதிலாக உயிருள்ள எதையாவது அவள் பார்க்கட்டும் என்றுதான் மீன் தொட்டி வாங்கப் போனேன்.

இங்கே என் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் கடைப் படி ஏறும்போதே அவளுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சொல்லிவிடுவேன். மாம்பழ மஞ்சள் உடம்புக்கு அரக்குக் கரை, பாட்டில் பச்சைக்கு வெங்காயக் கலர் என்று நான் பிரித்துப் போட்டால், எடுக்காமல் எழுந்து போனவர்கள் குறைவு. அந்தத் திமிரோடுதான் மீன் கடையில் நின்றேன். விவரம் தெரிந்தவர்கள் எந்த மீன் எதோடு சேரும் என்று கேட்பார்கள். நான் எந்தக் கலர் எதோடு சேரும் என்று பார்த்தேன்! மஞ்சள் வாலோடு கப்பி என்கிற சின்ன மீன்கள் கொஞ்சம், அது புடவைக்கு உடம்பு. நல்ல அரக்குச் சிவப்பில் ஒரு ஃபைட்டர் மீன், அது கரை. ஜரிகை இல்லாமல் காஞ்சிப் பட்டா? வெள்ளியாக மின்னிக்கொண்டு ஒய்யாரமாக நின்ற ஒரு ஏஞ்சல் மீனையும் பிடிக்கச் சொன்னேன். ஒன்றரை அடித் தொட்டிக்குள் ஒரு முகூர்த்தப் புடவையையே அடக்கிவிட்டேன்.

ஒப்புக்கு, "இதெல்லாம் ஒண்ணா இருக்குமாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்ணே" என்று கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா என்ன? "இந்தப் புடவை குண்டா காட்டாதே?" என்று கேட்கும் அம்மாக்களிடம் நானும் அப்படித்தானே சிரிக்கிறேன். தெரிந்தே போய் விழுந்தேன்.

வீட்டில் என் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அப்பா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். வாயைத் திறந்தால் வெடிதான். "மீனுன்னா கொழம்பு வெக்கணும். வேடிக்கை பாக்கறதுக்கு வாங்கினு வந்திருக்கியே, உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள். நான் காதில் வாங்காமல், மீட்டருக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, மனைவியின் கண்ணுக்கு நேராகத் தொட்டியை வைத்து விளக்கைப் போட்டேன். "ஐய, எவ்ளோ அழகுங்க!" என்று அவள் சொன்னபோது, உலகத்தையே அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அழகெல்லாம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாளிலிருந்து எனக்குக் கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. "அந்தச் சிவப்பு காலையிலேர்ந்து துரத்திக்கினே இருக்குதுங்க. ஒருத்தன் வாலு பாதி இல்ல." நாள் முழுக்கத் தொட்டிக்கு எதிரில் படுத்திருப்பவள் ஆயிற்றே, சிசிடிவி கேமரா தோற்றுவிடும். எந்தக் கப்பி பயந்த சுபாவம், எது சோற்றுக்கு முந்தும், எது செடிக்குப் பின்னால் ஒளியும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெரிய வண்ண வாலைப் பார்த்தால் ஃபைட்டர் அதைத் தன் இனத்து எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகுமாம். செல்போனில் தேடிப் படித்துச் சொன்னாள். அதற்குள் ஒரு கப்பி செத்து மிதந்துவிட்டது.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "வயித்துப்புள்ளக்காரி கண்ணு எதுக்க சாவுறதக் கொண்டாந்து வெச்சிருக்கியேடா! மொதல்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வா!" என்று கத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மா எதற்கும் கலங்குகிறவள் அல்ல. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வெறுங்கையோடு வந்த அன்றைக்கு, நானும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதோம். அம்மா இட்லிக்கு அரிசி ஊறப்போட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்லு மனசு என்று அன்றே நினைத்துக்கொண்டேன். இப்போது சாவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாள் என்று எனக்கு எரிச்சல்.

ஃபைட்டரை ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, கடையில் என்னோடு வேலை பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டேன். ஏஞ்சலைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. மனைவி சொல்லத்தான் செய்தாள். அது பெரிதாக வளருமாம், இந்தத் தொட்டி அதற்குப் பத்தாதாம், வாய்க்குள் நுழைகிற அளவில் எது இருந்தாலும் முழுங்கிவிடுமாம். "ஜரிகை இல்லாம புடவையா?" என்று பேச்சை மாற்றினேன். ஆவணி பிறந்து கடையில் கூட்டம் அலைமோத ஆரம்பித்ததும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

புரட்டாசியில் ஒரு கப்பிக்கு வயிறு உப்பி, வால் பக்கம் கறுப்பாகத் திட்டுத் தெரிந்தது. கப்பி முட்டை இடாது, குட்டிதான் போடும். "அதுவும் என்னாட்டம் புள்ளத்தாச்சிதாங்க" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. அவளுக்கும் ஏழாம் மாதம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வாயைத் திறக்காதவள், அந்த மீனுக்கு எப்போது நாள் வரும், எத்தனை குட்டி போடும் என்று பேசிக்கொண்டே இருந்தாள். அந்த மீனுக்கு நல்லபடியாக ஆகிவிட வேண்டுமே என்று எனக்கும் உள்ளுக்குள் வேண்டுதல் மாதிரி ஒன்று ஓடியது.

ஒரு மத்தியானம். ஐப்பசிக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"ஏங்க, குட்டி போடுதுங்க. ஒண்ணொண்ணா வருது. அந்த ஏஞ்சல் பக்கத்துலயே நின்னுக்கினு முழுங்குது. அத்த மாடியில துணி காயவெக்குறாங்க, கூப்ட்டாக் காதுல விழல. நான் எழுந்துக்கட்டுமா? ரெண்டு அடிதான்."

"எழுந்துக்காத! போனா போவுது, மீனுதானே!" என்று கத்தினேன்.

"போனா போவுதா?" என்று கேட்டாள். போன் கட்டாகிவிட்டது.

"அந்த மயில் கழுத்துக் கலர காட்டுப்பா" என்று பெண்ணின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் புடவைகளை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கல்யாண ஜவுளிக்கு வந்த வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரன் அடித்தேன், கெஞ்சினேன், ஒருவரைத் திட்டியும்விட்டேன். அவள் எழுந்திருப்பாளா, குனிந்திருப்பாளா, தொட்டியைத் தூக்கப் பார்த்திருப்பாளா? கடவுளே, மூன்றாவது முறையும் என்றால் அவள் தாங்க மாட்டாள். நானும்தான். அதுவும் நான் வாங்கி வந்த மீனால். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு வரும் வரை இதேதான் மண்டைக்குள் ஓடியது.

வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மனைவி எழுந்திருக்கவில்லை. கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி இடது பக்கமாகவே படுத்திருந்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் குரல் மட்டும் கணீரென்று. "அத்த, செடிக்குக் கீழ ஒண்ணு! ஐய, இந்தப் பக்கம் வந்துட்டுது பாருங்க!" தொட்டி முன்னால் அம்மா; மனைவி போட்ட சத்தம் கடைசியில் மாடிக்கு எட்டியிருக்கிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டு, டீ வடிகட்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். ஏஞ்சல் பாத்ரூம் பக்கெட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா வெறும் கையாலேயே அதைப் பிடித்துப் போட்டிருக்கிறாள். "எம்மாம் பெருசா இருந்துக்கினு, பச்சக் கொழந்தைங்களத் தின்றான் பாரு, கட்டையில போறவன்!" என்று வைதுகொண்டே, கண்ணும் வாலுமாகத் துரும்பு போலிருந்த ஒரு குட்டியை வடிகட்டியில் ஏந்தி டம்ளரில் விட்டாள். தரை முழுக்கத் தண்ணீர். வீட்டில் இருந்த டம்ளரெல்லாம் வரிசையாகத் தொட்டிலாகியிருந்தது.

"போதும் அத்த, வேற எதுவும் தெரியல. அல்லாத்தையும் புடிச்சுட்டீங்க" என்றாள் மனைவி.

அம்மா ஈரக் கையோடு கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். என் அம்மா அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. அப்பா போன அன்றுகூட இப்படி இல்லை. தலையில் ஹெல்மெட்டோடு நான் கதவண்டை நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டாவது புள்ளைய நர்ஸம்மா துணியில சுத்தி எங்கிட்டதான்டா குடுத்தாங்க" என்றாள். "நீ மாத்திர வாங்கப் போயிட்ட. இவ மயக்கத்துல இருந்தா. ஆம்பளப் புள்ள. வெரலு, நெகம் எல்லாம் இருந்துது. உங்க அப்பன் மூக்கு. நான் மட்டும் பார்த்தேன்டா. சொன்னா நீங்க ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்கன்னு வாயத் தொறக்கல. அத கையில வெச்சுக்கினு என்னால ஒண்ணும் பண்ண முடியல. இதுங்களையாவது புடிச்சேன்."

மனைவி படுத்தவாக்கிலேயே கையை நீட்டி அம்மாவின் தலைமேல் வைத்தாள். வெகு நேரம் எடுக்கவேயில்லை. எனக்கு அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதற வேண்டும் போல இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

ஏஞ்சலை அன்றைக்கே மீன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய தொட்டியில், அதன் அளவு மீன்களோடு விட்டார்கள். அங்கேதான் அது நிஜமாகவே அழகாக இருந்தது. எங்கள் தொட்டியில் கப்பிகளும், அவற்றை வம்புக்கு இழுக்காத சின்ன நியான் டெட்ராக்கள் கொஞ்சமும் மட்டும்தான். இந்த முறை மனைவி தேடிப் படித்து எழுதி அனுப்பியதைத்தான் வாங்கினேன். கலரைப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். குட்டிகளுக்குத் தீனி போடுவது அம்மாவின் வேலை ஆயிற்று. தினம் தொட்டி முன்னால் உட்கார்ந்து, "ஏய், அவனுக்கும் வுடு" என்று அதட்டிக்கொண்டிருப்பாள். அந்தச் சாக்கில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி மனைவி கேட்பாள், அம்மா சொல்லுவாள். அழுவார்கள், அப்புறம் சாப்பிடுவார்கள்.

கார்த்திகையில் வலி எடுத்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் நின்றேன். அம்மா தள்ளிப்போய் கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டபோதுகூட அவள் திரும்பவில்லை. கதவு திறந்தது. நர்ஸம்மா துணியில் சுற்றிய எங்கள் மகளை எடுத்து வந்து, "அப்பா யாரு? வாங்குங்க" என்றார். கை தானாகவே நீண்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"தோ, எங்க அம்மாகிட்ட குடுங்க சிஸ்டர்" என்றேன்.

அம்மா எழுந்து வந்து கையை நீட்டினாள். அந்தக் கைக்குள் குழந்தை வீல் என்று கத்தியது. "கத்துறா பாருடா, கத்துறா பாரு" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றாள்.

இப்போதெல்லாம் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், அழுகிறவர்களைத் தேற்ற நாலு பேர் இருப்பார்கள் என்று விட்டுவிட்டு, அழாமல் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் யாரென்று தேடிப்போய், அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன்.