பார்லித் தாளின் பின்பக்கம்

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய ஒரு தாள் இருக்கிறது. கடல் கடந்த ஊரில், குளிர் விட்டதும் விதைக்கிற ஒரு பார்லி வகையைப் பற்றி அங்குள்ள விவசாயிகளுக்காக அச்சிட்டது. தண்டு குட்டை, காற்றுக்குச் சாயாது, சீக்கிரம் விளையும், அறுவடை நேரத்தில் மழை பிடித்தாலும் கதிரிலேயே முளைவிடாது. புதுச் சரக்கோடு அது வந்தபோது, நமக்கென்ன வயலா இருக்கிறது என்று நான் படிக்கவே இல்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் ஆய்வுக் குறிப்பு எழுத எடுத்துக்கொண்டேன்.

எங்களுடையது தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில், பார்லியை முளைகட்டிச் சத்துமாவு செய்யும் தொழிற்சாலை. ஆய்வகத்தில் நானும், கிள்ளானிலிருந்து வரும் தலைமை ஆய்வாளர் அக்காவும் மட்டும்தான். அந்த வகையை வாங்கச் சொன்னவர் அக்கா. நூறு மணிகளை ஈரத்தாளில் பரப்பி மூன்று நாள் வைத்தேன். பதினொன்றுதான் முளைத்தது. துறைமுகத்திலேயே லோரிகளை நிறுத்திவிட்டு மேலாளர் எங்கள் முன் வந்து நின்றார்.

"அடுத்த திங்கக்கிழமைக்குள்ள முளைக்கலன்னா சரக்கு திரும்பிப் போயிடும். நீங்கதான் பதில் சொல்லணும் லா, அக்கா."

என் குறிப்பை வாங்கிப் பார்த்த அக்கா, தாளைத் திருப்பி முன்பக்கத்தையும் படித்தார். முகம் மாறிவிட்டது. "இது சாகல, தூங்குது. இப்பதான் அறுத்த மணி. குளிர் பட்டாத்தான் எழும்பும். நம்ம வெக்கையில எப்படி முளைக்கும்?" மழையில் முளைக்காத குணம் விவசாயிக்கு வரம், எங்களுக்கு அதுவே வினையாகிவிட்டது. வேறு நூறு மணிகளை நனைத்து, கேண்டீன் ஐஸ்பெட்டியில் சம்பல் போத்தலுக்கும் யாரோ வைத்த செண்டோல் இனிப்புக்கும் நடுவில் மூன்று நாள் வைத்தோம். யாராவது அந்தக் கதவைத் திறந்தால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். வியாழனன்று வெளியே எடுத்து ஈரத்தாளில் பரப்பினோம். அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கள் காலை மேலாளர் முன்னால் எண்ணினோம். தொண்ணூற்றாறு. நான் மூச்சு விடுவதற்குள், மேசைமேல் கிடந்த பார்லித் தாளின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "இந்தத் தாள் முன்னாடியே வந்திருக்கே, ஏன் யாரும் பார்க்கல?"

நான் குனிந்து மணிகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

"நான்தான் கவனிக்கல, பாஸ்," என்றார் அக்கா.

ஒரு வாரம் லோரிகள் நின்றதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வும் கைநழுவிப் போனது. நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

இன்று அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தாள் வந்தாலும் இரண்டு பக்கமும் படிக்கிறேன். வெட்கம் மட்டும் குறைந்தபாடில்லை. அன்று மேலாளர் இந்தத் தாளைத் திருப்பியிருந்தால், என் எழுத்தில் தேதியும் பதினொன்று என்ற எண்ணும் தெரிந்திருக்கும். அவர் அறையைவிட்டுப் போகும்வரை அக்கா இதன்மேல் வைத்த உள்ளங்கையை எடுக்கவே இல்லை.