அண்ணியின் வாளிகள்

"உங்கம்மாவ உங்க அண்ணி பக்கெட்டுலதான் உக்கார வெச்சிருக்காளாமே?"

தோழி இதைக் கேட்டபோது அவள் வீட்டில் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய மாமியார் போனில் சொன்னது. மாமியாருக்கு அவர் தங்கை சொன்னது. அந்தத் தங்கை எங்கள் தெருவில் குடியிருக்கிறார். இத்தனை வாய் மாறி, கடலும் தாண்டி வந்த சேதி.

முதலில் அம்மாவை நினைத்துப் பதறினேன். அடுத்த நிமிடமே, எதற்கு மறைக்க வேண்டும், வயிறு கொஞ்சம் குளிரவும் செய்தது. அண்ணியைப் பற்றி ஒருவராவது குறை சொல்லி நான் கேட்டதே அது முதல் தடவை. உடனே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். இந்த முறை அம்மாவை என்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்டே தீருவது என்ற முடிவோடு கிளம்பினேன்.

அண்ணிக்குப் பெயின்ட் கடையில் வேலை. நிறம் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பார். கலந்து முடிந்ததும், உள்ளே என்ன நிறம் என்று தெரிவதற்காக மூடியின்மேல் விரலால் தொட்டு ஒரு பொட்டு வைப்பார். நெளிந்தது, கைப்பிடி போனது, வாங்கியவர் பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்தது, எல்லா வாளியையும் முதலாளி அண்ணி பக்கம் தள்ளிவிடுவார். அண்ணி அவற்றைக் கழுவி, காயவைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'பக்கெட்டக்கா'. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "பேர் வெக்கறதுக்கும் ஆளு கொஞ்சம் பிரபலமா இருக்கணுமில்ல" என்பார். அவ்வளவு தன்னடக்கம்.

இரண்டாவது மாடி வீடு. நான் கீழே பெட்டியோடு நின்றபோது, பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய வாளி ஒன்று ஆடி ஆடி இறங்கியது.

"வாங்க வெளிநாடு! பெட்டிய நீங்க தூக்கிட்டு வாங்க. கைப்பைய இதுல போடுங்க."

"அண்ணி, இதுல பாஸ்போர்ட் இருக்கு!"

"பாஸ்போர்ட்டும் மேலதான் வரும். வேற எந்த நாட்டுக்குப் போயிடப் போவுது?"

படி ஏறிய நேரம் முழுக்க என் உயிர் அந்த வாளியில்தான் ஊசலாடிக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்க மேலே வந்தபோது கைப்பை எனக்கு முன்பே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் அம்மாவும். பக்கெட்டின்மேல்.

பாதி அளவு மணல் நிரப்பிய பெரிய வாளி. மூடியின்மேல் பஞ்சு வைத்துப் பழைய திரைச்சீலைத் துணியால் தைத்த மெத்தை. முதுகுக்குச் சுவர். ஆசைப்பட்டு விலை பார்க்காமல் நான் வாங்கி அனுப்பிய சாய்வு நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. அதில் இஸ்திரி போட்ட துணிகள் சுகமாகச் சாய்ந்திருந்தன.

"என்னம்மா இது? நான் அனுப்பின நாற்காலி என்ன ஆச்சு?"

"நல்ல நாற்காலிடி. உக்காந்தா எந்திரிக்கத்தான் முடியல. உங்கண்ணன் வந்து தூக்கிவிடணும். அவன் லாரிய எடுத்துட்டுப் போனா எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது."

சொல்லிவிட்டு, தொடையில் கை ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து காட்டினாள். அண்ணி சமையலறை வாசலில் நின்று, தன் பிள்ளை மேடையில் பரிசு வாங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்த வீட்டில் எங்கே திரும்பினாலும் வாளி. வாசலில் குடைகளுக்கு ஒன்று. சுவரில் பக்கவாட்டில் அறைந்த வாளிகளுக்குள் செருப்புகள். மூடியில் ஓட்டை போட்ட சின்ன வாளிக்குள் அம்மாவின் நூல்கண்டு. நூல் மட்டும் ஓட்டை வழியாக வரும், கண்டு கட்டிலுக்கு அடியில் ஓடாது. கரண்ட் போனால் அண்ணி டார்ச்சைத் தரையில் நிறுத்தி, அதன்மேல் மெல்லிய வெள்ளை வாளியைக் கவிழ்த்துவிடுவார். அறை முழுக்க நிலா வெளிச்சம்.

சொதப்பியதும் உண்டு. அடியில் ஓட்டைகள் போட்டு, குளியலறைக் கொக்கியில் தொங்கவிட்டு, ஷவர் என்று ஒன்று செய்தாராம். அண்ணன் சோப்புப் போடும்போது கொக்கி பிடுங்கிக்கொண்டு வாளி அவர் கால் கட்டைவிரலில் இறங்கியது. இதைச் சொல்ல ஆரம்பித்த அம்மா, "உங்கண்ணன் ஒத்தக் கால்ல..." என்பதோடு சரி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள், முடிக்கவே இல்லை. அண்ணியின் சாமர்த்தியத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அம்மாவை இப்படிச் சிரிக்கவைத்த அந்தச் சொதப்பலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னோடு போனில் பேசும்போது அவள் சிரித்து எவ்வளவு காலமாகிறது? உடம்பு, மாத்திரை, மழை, "சரி வெக்கட்டா?" இவ்வளவுதான்.

மறுநாள் நானும் கத்தியை எடுத்தேன். சமையலறை மூலையில் இருந்த வாளியைச் சாய்வாக வெட்டிக் குப்பை அள்ளும் முறம் செய்யப் போனேன். பாதியில் கத்தி நழுவி விரலில் பட்டது. விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டது அண்ணிதான்.

"ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அரிசி பக்கெட்டும்மா. கழுவிக் காயவெச்சிருந்தேன்."

என் முறை எதிர்பாராமல் வந்தது. அம்மாவுக்குக் காது மந்தம். பகலில் நான் வெளிநாட்டிலிருந்து போன் செய்தால் மணி அடிப்பது கேட்காது. சாயங்காலம் அண்ணி கடையிலிருந்து வந்துதான் போனைப் பார்ப்பார். ஒரு மதியம் நான் தரை துடைக்கும்போது என் போனைப் பழைய தகர வாளி ஒன்றில் போட்டுவைத்திருந்தேன். அது அடித்ததும் வாளியே அதிர்ந்து அலறியது. உள்ளறையிலிருந்து அம்மா, "யாருடி அது மணி அடிக்கறது?" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தத் தகர வாளியை அம்மாவின் கட்டிலருகே வைத்து, அவள் போனை அதற்குள் வைத்து, அடித்துக் காட்டினேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு கண்டுபிடிச்சது" என்றாள். எம் பொண்ணு! சாயங்காலம் வந்த அண்ணி வாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"போன் ஆடுது பாருங்க. அடியில ஒரு துணி போட்டா நல்லாருக்கும்."

"துணி போட்டா சத்தம் போயிடும் அண்ணி. அப்படியே இருக்கட்டும்."

அன்று பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. குழாயை மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீங்க ஒரு தடவ போன் பண்ணா, ரெண்டு நாளைக்கு அத்தைக்கு அதே பேச்சுதான். பக்கத்துலயே கெடக்கறவளப் பத்தி யாருகிட்ட பேசப்போறாங்க?"

பொறாமைப்படுவது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் கேட்டேவிட்டேன். "எங்கூட வந்துடும்மா. நான் பாத்துக்கறேன்."

அம்மா, தான் உட்கார்ந்திருந்த மெத்தையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நீ போய்ச் சேரு. ஞாயித்துக்கெழம காலைல போன் பண்ணு. யோசிச்சு வெக்கறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, "போறதா இருந்தா அந்தப் பக்கெட்டையும் எடுத்துட்டுப் போங்க. அது இல்லாம அத்தைக்கு எந்திரிக்க வராது" என்றார். வழக்கமாக இப்படிப் பேசிவிட்டுத் தானே சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை. மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தார்.

இன்று ஞாயிறு. பெயின்ட் கடைக்கு விடுமுறை. அண்ணி வீட்டில்தான் இருப்பார். அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டேன். அங்கே தகர வாளி அதிர்வது எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அண்ணி அடியில் துணி போட்டிருப்பாரோ? அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. துணி இல்லையென்றால், அந்தச் சத்தம் கட்டிலுக்கும் கேட்கும், சமையலறைக்கும் கேட்கும், பால்கனிக்கும் கேட்கும். காதில் விழவில்லை என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல முடியாதபடி செய்துவைத்தவள் நான்தான்.

அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணி அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

மூன்றாம் தடவையாக அழுத்தியிருக்கிறேன். அடித்துக்கொண்டிருக்கிறது.