எண்பதில் நின்ற பற்றரி

எங்கள் லப்டொப்புக்கு ஆறு வயது. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பில், அதே வயதுள்ள மற்றவையெல்லாம் வயரைக் கழற்றியதும் படுத்துவிடும். எங்களுடையது தாக்குப்பிடிக்கும். அந்தப் பெருமை முழுக்க என்னுடையது, யாருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன். பற்றரி இருபது வீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, எண்பதுக்கு மேலே ஏறக்கூடாது. மெத்தையில் வைத்தால் சூடேறும், அதனால் மேசையில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை கடற்பக்க யன்னல் வெயிலில் அதை வைத்தவரோடு ஒருநாள் முழுக்க நான் கதைக்கவில்லை. வைத்தவர் என் மனைவி.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே நாலு வருடம் உழைத்து முதுமாணி ஆய்வை முடித்திருந்தாள் அவள். அன்று காலை வாய்மொழிப் பரீட்சை. திரையில் மூன்று பேராசிரியர்கள். இணைப்பு அவளுடைய கைத்தொலைபேசியிலிருந்து வந்தது. நடுவில் அறுந்தால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆறு வருடமாக இந்த நாளுக்காகத்தானே பாடுபட்டேன்! ஓடிப்போய்ப் பக்கவாட்டில் எட்டித் திரையின் மூலையைப் பார்த்தேன். எண்பது. நீண்ட வேலை உள்ள நாளில் மட்டும் நூறு வரை ஏற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், அன்றைக்கென்று மறந்துபோயிருந்தேன்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கமராவில் படாமல் தவழ்ந்துபோய், கையை மட்டும் நீட்டித் திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். பிறகு மேசையோரத்திலேயே குந்திவிட்டேன். ஐம்பத்தைந்து. நாற்பது. இருபத்தொன்று. இலக்கம் குறையும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவள் காதில் ஹெட்போன், கேள்விகள் எனக்குக் கேட்கவில்லை. முடிவெடுக்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்போல, அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தாள். ஏழு. ஆறு. நான் கும்பிடாத கடவுள் இல்லை.

நாலு வீதத்தில் அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"பாஸ்."

நான் துள்ளியெழுந்ததில் மேசை ஆடியது. சிரிப்பும் கண்ணீருமாக அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நூறுக்கு ஏற்ற மறந்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டேன்.

"நல்ல காலம் மறந்தீங்கள்," என்றாள். "நீங்கள் கீழ குந்தியிருந்து கண்ணை உருட்டி முழுசின முழுசலுக்குப் பயந்துதான் எல்லாத்துக்கும் ரெண்டே வசனத்தில பதில் சொன்னனான். அவையள் அதைத்தான் மெச்சினவை. நூறு இருந்திருந்தா, நான் கதைச்சே ஃபெயிலாகியிருப்பன்."