குழாயில் ஊற்றிய ப்ளீச்சிங் பவுடர்

தொப்பூர் கணவாயில் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்தது. இரும்புச் சாமான்களில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற, குளோரின் சேர்ந்த ஒரு ரசாயனத் திரவம் அதில் இருந்தது. சரிவில் இறங்கி ஓர் அக்காவின் காட்டில் ஊறி, கிணறு வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் கேன் தண்ணீர்தான். கிணற்றைத் திருப்பித் தருவது என் வேலை.

குளோரினைப் பிய்த்துப்போடும் பாக்டீரியாக்கள் உண்டு. காற்றே ஆகாது அவற்றுக்கு. காட்டில் குழாய்களை இறக்கி அவற்றை உள்ளே விட்டு, தீனிக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸைக் கரைத்து ஊற்றிவந்தோம். அக்காவிடம் மட்டும் மருந்து விடுகிறோம் என்று சொல்லிவைத்தேன். கிருமி என்றால் பயந்துவிடுவாராம். என் கெட்டிக்காரத்தனத்தில் தீயை வைக்க.

சில மாதங்களில் குழாய்களிலிருந்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. எனக்கு வாயெல்லாம் பல். மண்ணுக்குள் காற்று தீர்ந்துவிட்டது, என் பிள்ளைகள் வேலையில் இறங்கிவிட்டன. கிணற்றுத் தண்ணீரிலும் விஷம் குறைந்துகொண்டு வந்தது.

"இந்த நாத்தம் எப்பங்க மேடம் போவும்?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார் அக்கா.

"போயிடுங்க்கா" என்றேன். ஏன் நாறுகிறது என்று சொல்லப் பொறுமையில்லை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை போனபோது நாற்றமே இல்லை. ஒவ்வொரு குழாயாகக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். அக்கா சிரித்த முகமாக வந்தார்.

"மகளப் பொண்ணு பாக்க வந்தாங்க மேடம். வூடெல்லாம் நாறுனா என்ன நெனப்பாங்க? உங்க மருந்தோட ப்ளீச்சிங் பவுடரயும் கரைச்சு எல்லாக் குழாயிலயும் ஊத்திட்டேன். ஊர்க் கெணத்துக்கு அதானுங்க போடுவோம். சுத்தமாயிருச்சு பாருங்க."

சுத்தமாகத்தான் இருந்தது. குழாய்களைச் சுற்றி உயிரோடு ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே விட்டது மருந்தில்லை, உயிர். நாற்றம் வந்தது நல்லதுக்கு. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும், மகள் கல்யாணத்துக்குள் கிணறு சரியாகாது.

"தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"நீங்க இல்லீங்க்கா. நான்தான் சொல்லாம விட்டேன்."

அது அவர் காதில் ஏறவே இல்லை. "எம் புத்திய என்ன சொல்றது" என்று தன்னையே ஏசிக்கொண்டு உள்ளே போனார். நான் திட்டு வாங்கத் தயாராக வாசலில் நின்றேன். அவர் காபியோடு வந்தார். டம்ளரை வாங்க எனக்குக் கை நீளவில்லை. அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"கேன் தண்ணியிலதாங்க போட்டேன். பயப்படாம குடிங்க மேடம்."